அழைப்பிதழில் உங்கள் பெயர் இல்லாவிட்டாலும்

அழைப்பிதழின் அடியில் 'அனைவரும் வருக' என்று போட்டிருக்கிறார்களே, அது நிஜம்தானா என்று மாமல்லபுரத்து நண்பர் ஒருவர் கேட்டார். ஐந்து ரதத்துக்குப் போகிற சாலையில் சின்னதாகக் கல்பட்டறை வைத்திருப்பவர். சாயங்காலம் உளிச் சத்தம் ஓய்ந்ததும் பட்டறைக்கு டீ வரும். அப்போதுதான் கைப்பேசியை என் பக்கம் நீட்டினார். கல்லூரியில் படிக்கிற மகள் அனுப்பியிருந்தாள். பல்லவர் சிற்பங்களைப் பற்றி ஒரு சொற்பொழிவு, மாலை நாலு மணிக்கு. "நம்மள மாதிரி ஆளுங்கள உள்ள விடுவாங்களா சார்? எந்த டிபார்ட்மென்ட்டுன்னு கேட்டா என்னன்னு சொல்றது?"

விடுவார்கள். ஏன் விடுவார்கள் என்பதைப் பொறுமையாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஏனென்றால் இந்தத் தயக்கம் அவர் ஒருவருக்கு மட்டும் உள்ளதல்ல. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. சாலை நெடுகவும், கேளம்பாக்கம், படூர், காலவாக்கம் பக்கம் ஓ.எம்.ஆர். நெடுகவும் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும்தான். நம்மில் பலர் தினமும் அந்த மதில்களை உரசிக்கொண்டு பேருந்தில் போகிறோம், மின்சார ரயிலில் போகிறோம். பிள்ளையைச் சேர்க்கவும் கட்டணம் கட்டவும் மட்டுமே அந்த வாசலுக்குள் கால் வைத்திருக்கிறோம்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கல்லூரி வளாகத்தில் நடப்பதெல்லாம் ஊருக்கானது அல்ல. கிறித்தவக் கல்லூரியின் 'டீப்வுட்ஸ்', காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்.மின் 'மிலன்' போன்றவை மாணவர்களின் கலைவிழாக்கள். அங்கே அடையாள அட்டை கேட்பார்கள், அனுமதிச் சீட்டு கேட்பார்கள். அது அவர்கள் வயதின் கொண்டாட்டம், அவர்களுக்கே இருக்கட்டும். கருத்தரங்கம் என்றால் பெரும்பாலும் பதிவுக் கட்டணம் இருக்கும். நூல் வெளியீடு, விருது விழா, கண்காட்சி, அறக்கட்டளைச் சொற்பொழிவு ஆகியவைதான் பெரும்பாலும் யாரும் போகக்கூடியவை. இவற்றில் நான் மிகவும் மதிப்பது கடைசியாகச் சொன்னதை.

அறக்கட்டளைச் சொற்பொழிவு எப்படி நடக்கிறது தெரியுமா? ஒருவர் தன் தாய் நினைவாகவோ ஆசிரியர் நினைவாகவோ ஒரு தொகையைக் கல்லூரிக்குக் கொடுக்கிறார். கல்லூரி அதை வங்கியில் வைப்புநிதியாகப் போடுகிறது. முதலைத் தொடக் கூடாது. வருகிற வட்டியில் ஆண்டுக்கு ஒரு நாள் அறிஞர் ஒருவரை அழைத்துப் பேச வைக்க வேண்டும். எந்தப் பொருளில் பேச வேண்டும் என்றுகூடச் சில கொடையாளிகள் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். 1 லட்ச ரூபாய், 7 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 7,000 ரூபாய். பேச்சாளரின் பயணச் செலவு, மதிப்பூதியம், அழைப்பிதழ், தேநீர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். 30 ஆண்டுக்கு முன் தாராளமாகத் தெரிந்த தொகை இன்று இத்தனைக்கும் போதாமல் இழுபறியாகிவிடும். அதனால்தான் சில துறைகள் இரண்டு மூன்று அறக்கட்டளைகளைச் சேர்த்து ஒரே நாளில் நடத்திவிடுகின்றன. அதைக் குறை சொல்ல மாட்டேன். கொடுத்தவர் காலமான பிறகும் அவர் பெயரைச் சொல்லி யாரோ ஒருவர் பேசுகிறார், யாரோ கேட்கிறார்கள் என்பதே பெரிய விஷயம்.

இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கூரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே கிடைத்த செப்பேடு பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது, அதாவது 7-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. ஓர் ஊரைப் பங்குகளாகப் பிரித்துக் கோயிலுக்கும் மறையோருக்கும் கொடுத்த கணக்கு அதில் இருக்கிறது. ஒரு பங்கின் வருமானம் மண்டபத்துக்குத் தண்ணீரும் நெருப்பும் வைக்க. இன்னொரு பங்கின் வருமானம் அதே மண்டபத்தில் பாரதம் வாசிக்க. நிலத்தை விற்க முடியாது, விளைச்சலை மட்டும் எடுத்துப் பேச்சுக்குச் செலவிட வேண்டும். வட்டிக்குப் பதில் நெல், அவ்வளவுதான் வித்தியாசம். கேட்க வருகிறவருக்குக் குடிக்கத் தண்ணீரும் இருட்டினால் வெளிச்சமும் வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே யோசித்திருக்கிறார்கள் பாருங்கள், அந்த அக்கறையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். மாமல்லபுரத்துக் கற்களைக் குடைந்த அதே அரச மரபுதான் இந்த ஏற்பாட்டையும் செய்தது.

அப்படியானால் பாரதம் வாசித்த மண்டபத்தின் வாரிசுதான் இன்றைய கல்லூரி அரங்கம். அங்கே போய் உட்காருவது யாரிடமும் கேட்டு வாங்குகிற சலுகை அல்ல. கொடையாளி காசு கொடுத்ததே நீங்கள் கேட்பதற்காகத்தான்.

நடைமுறையையும் சொல்லிவிடுகிறேன். வாசலில் காவலர் ஒரு நோட்டு வைத்திருப்பார். பெயர், ஊர், கைப்பேசி எண் எழுதி, 'யாரைப் பார்க்க' என்ற இடத்தில் துறையின் பெயரையும் 'சொற்பொழிவு' என்பதையும் எழுதுங்கள். கைப்பேசியில் அழைப்பிதழ் இருந்தால் காட்டுங்கள். ஆதார் அட்டை கையில் இருந்தால் நல்லது. எந்த அரங்கம் என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், வளாகங்கள் பெரியவை, வெயிலில் ஒரு கட்டடம் மாறிப் போனால் அரை மணி நேரம் போய்விடும். செங்கல்பட்டிலிருந்து எஸ்.ஆர்.எம். போகிறவர்கள் பொத்தேரி நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே வளாகம். கிறித்தவக் கல்லூரிக்குத் தாம்பரம். மாமல்லபுரத்துக்காரர்கள் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு வந்து ரயில் பிடிப்பதுதான் எனக்குத் தெரிந்து சிரமமில்லாத வழி.

உள்ளே தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை என்று போகும். இங்கே என் மனத்தாங்கல் ஒன்றைச் சொல்ல வேண்டும். பேச்சாளர் கும்பகோணத்திலிருந்தோ மதுரையிலிருந்தோ இரவெல்லாம் பயணம் செய்து வந்திருப்பார். வாழ்த்துரைகளிலேயே ஒரு மணி நேரம் போய்விட்டு, அவருக்கு 40 நிமிடம் கிடைத்து, கேள்வி நேரமே இல்லாமல் நாட்டுப்பண் பாடி முடித்த கூட்டங்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன். வருகைப்பதிவுக்காகப் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்து உட்கார வைப்பதும் அதே அளவு வருத்தம் தருகிறது. விருப்பத்தோடு வந்த 20 பேர் முன்வரிசையில் இருந்தால் பேச்சாளரின் குரலே மாறும். அந்த 20 பேரில் சிலராவது மதிலுக்கு வெளியிலிருந்து வர வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. மதிலுக்கு உள்ளும் வெளியும் கலந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே நல்ல சாட்சி இருக்கிறது.

சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1837-இல் ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. ஜார்ஜ் டவுனில் இருந்த கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. சேலையூர்ப் புதர்க்காட்டில் சுமார் 365 ஏக்கர் நிலம். பட்டணத்தை விட்டு வந்ததில் ஒரு நன்மை நடந்தது. கல்லூரிக்கு ஒரு சுற்றுவட்டாரம் கிடைத்தது. தெற்கே செங்கல்பட்டின் குன்றுகள், தென்கிழக்கே மாமல்லபுரம்.

அந்த வளாகத்தில் வேலை பார்த்த மூன்று பேராசிரியர்கள் விடுமுறை நாள்களில் கடற்கரைப் பக்கம் கிளம்பிவிடுவார்கள். மைக்கேல் லாக்வுட் மெய்யியல் ஆசிரியர். கிஃப்ட் சிரோமணி புள்ளியியல். பி. தயானந்தன் தாவரவியல். மூவரில் ஒருவர்கூட வரலாற்றுத் துறை இல்லை, தொல்லியல் துறை இல்லை. ஆனால் 1974-இல் மூவரும் சேர்ந்து மாமல்லபுர ஆய்வுகளை ஆங்கிலத்தில் ஒரு நூலாக வெளியிட்டார்கள். மாமல்லபுரத்தைப் பற்றி இன்று எழுதுகிற யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது.

அப்போது தமிழ்நாட்டில் பெரிய வாதம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. மாமல்லபுரத்தின் கோயில்களை மகேந்திரன், மாமல்லன், பரமேசுவரன், ராசசிம்மன் என்று அரசர்கள் ஒருவர் பின் ஒருவராகச் செய்தார்கள் என்றே அதுவரை படித்து வந்தோம். 1960-களின் தொடக்கத்தில் தொல்லியலாளர் இரா. நாகசாமி எழுந்து, எல்லாமே ராசசிம்மன் ஒருவனின் காலத்தவை என்றார். கல்வெட்டுகளில் வரும் பட்டப்பெயர்களை வைத்து அவர் வாதாடினார். அந்த வாதத்தில் இந்த மூவரும் இறங்கினார்கள். சிரோமணி தன் துறையின் பழக்கத்தோடு இறங்கினார். சிற்பங்களின் ஆடை, இடைக்கச்சு, தோள்வளை, குழை, பூணூல் எப்படி மாறுகின்றன என்று ஒவ்வொன்றாகக் குறித்துக் கணக்கெடுத்தார். அழகைப் பார்த்துக் காலம் சொல்வது ஒரு வழி. எண்ணிப் பார்த்துக் காலம் சொல்வது இன்னொரு வழி. இரண்டாவது வழியை இந்தப் பக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் அவர் முக்கியமானவர்.

அவர்கள் கண்டு சொன்னதில் ஒன்றை மட்டும் நிதானமாகப் பார்ப்போம். பல்லவர் குகைக்கோயில்களில் சிவன் கருவறைக்கு இரண்டு பக்கமும் வாயிற்காவலர்கள் நிற்பார்கள். சிலவற்றில் ஒருவர் தலையின் இரண்டு பக்கமும் கொம்பு போல ஒன்று வளைந்து மேலெழும்பும். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற வழியில் வல்லம் குன்றில், மகேந்திரவர்மன் காலத்தில் கந்தசேனன் என்ற சிற்றரசன் குடைவித்த கோயில் இருக்கிறது. அங்கேயும் கொம்புடைய காவலரைப் பார்க்கலாம். இது மாட்டுக்கொம்பு, பழங்குடி வீரர்களின் தலையணி, நந்தியின் அடையாளம் என்றெல்லாம் ஆளுக்கு ஒன்று சொல்லி வந்தார்கள். இவர்கள் நேராக முன்னால் நின்று பார்த்தார்கள். இரண்டு பக்கமும் இரண்டு கொம்பு. நடுவில் உயர்ந்த மகுடம். மொத்தம் மூன்று முனை. அது சூலம். பிறகு எதிர்ப்பக்கக் காவலரைப் பார்த்தார்கள். கொம்பு இல்லை, ஆனால் மகுடத்தின் முன்புறத்தில் மெல்லிய விளிம்பு ஒன்று துருத்திக்கொண்டு நிற்கிறது. அது மழுவின் வாய். ஆக, சிவனின் சூலமும் மழுவும்தான் ஆள் உருவம் எடுத்து வாசலில் காவல் நிற்கின்றன.

இதைக் கேட்ட பிறகு வல்லத்துக்கோ மாமல்லபுரத்துக்கோ போய்ப் பாருங்கள். நூறு தடவை பார்த்த கல் வேறு மாதிரித் தெரியும். நல்ல சொற்பொழிவு ஒன்று ஒரு மணி நேரத்தில் செய்யக்கூடியது இதைத்தான். நம் ஊரை நமக்கே முதல் முறையாகக் காட்டும்.

சிரோமணி அத்தோடு நிற்கவில்லை. வாசலில் போடுகிற கோலத்துக்கு இலக்கணம் உண்டு என்று காட்டினார். அவரும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1970-களில் கோலத்தைக் கணினி அறிவியலின் மொழிக்குள் கொண்டுபோனார்கள். புள்ளி வைத்துச் சிக்குக்கோலம் போடுகிற பெண்களிடமிருந்து கற்றது, உலக ஆய்விதழ்களில் கட்டுரையாக வந்தது. 1980-இல் திருக்குறளைப் பழைய எழுத்து வடிவங்களில் எழுதிக் காட்டும் நூலும் அவர் குழுவிலிருந்து வந்தது. வள்ளுவர் காலத்தில் குறள் கண்ணுக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒரு சாதாரண வாசகர் பார்க்க முடிந்தது.

இங்கே திசையைக் கவனியுங்கள். வளாகத்திலிருந்து ஊருக்கு மட்டும் அறிவு போகவில்லை. கல்லிலிருந்தும் கோலத்திலிருந்தும் வளாகத்துக்குப் போயிருக்கிறது. அதனால்தான் பட்டறை நண்பரைப் போன்றவர்கள் அரங்கத்தில் இருக்க வேண்டும் என்கிறேன்.

கேள்வி கேட்கக் கூச்சமாக இருக்கும். எனக்கு அது புரிகிறது. செங்கல்பட்டில் நடந்த ஒரு கதையைச் சொல்கிறேன். திருமணியில் இருந்த தொழுநோய் மருத்துவமனைக்கு 1947-இல் பால் பிராண்ட் என்ற எலும்பு மருத்துவர் வேலூரிலிருந்து வந்தார். அங்கே பெரிய நிபுணரான ராபர்ட் காக்ரேன் அவரைச் சுற்றிக் காட்டினார். நோயாளிகளின் விரல்கள் மடங்கிப் போயிருந்ததைப் பார்த்து, இது ஏன் இப்படி ஆகிறது என்று பிராண்ட் கேட்டார். எலும்பு மருத்துவர்கள் யாரும் இதுவரை இதை ஆராயவில்லையே என்பதுதான் காக்ரேன் சொன்ன பதிலின் சாரம். பிறகு ஒரு நோயாளியிடம் தன் கையைப் பிடித்து இறுக்கச் சொன்னார் பிராண்ட். இறுக்கிய பிடியில் பிராண்டின் கையே வலித்தது. அப்படியானால் எல்லாத் தசையும் செத்துவிடவில்லை, உயிருள்ள தசையை எடுத்து இடம் மாற்றிக் கட்டலாம் என்று அவருக்குத் தோன்றியது. வேலூரில் அவர் அடுத்து வந்த ஆண்டுகளில் செய்த அறுவை சிகிச்சைகளால் எத்தனையோ பேர் மீண்டும் கையால் சோறு எடுத்துச் சாப்பிட்டார்கள். கேட்டவர் அந்த நோய்க்கு வெளியாள். அதனால்தான் கேட்கத் தோன்றியது.

கேள்வி கேட்காமல், பேச்சைக் கேட்க மட்டும் போனவருக்கும் கதவு திறந்ததுண்டு. லண்டனில் 1812-இல் புத்தகம் கட்டுகிற கடையில் வேலை பழகிக்கொண்டிருந்த பையன் ஒருவன், வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த சீட்டில் ஹம்ஃப்ரி டேவியின் பொதுச் சொற்பொழிவுகளைக் கேட்கப் போனான். கேட்டதையெல்லாம் எழுதி, தானே கட்டுப் போட்டு, டேவிக்கு அனுப்பினான். அடுத்த ஆண்டு அவரிடமே வேலை கிடைத்தது. அவன்தான் மைக்கேல் ஃபாரடே. கொல்லர் மகன். இதை நான் பட்டறைகளில் வேலை செய்கிற இளைஞர்களிடம் அடிக்கடி சொல்வதுண்டு. கல்லூரியில் சேர முடியாமல் போனவருக்கு இந்தப் பொது அரங்கம்தான் திறந்திருக்கிற கதவு.

நம் பக்கத்தில் போகக்கூடிய இடங்கள் குறைவில்லை. எஸ்.ஆர்.எம். வளாகத்தில் தமிழ்ப்பேராயம் இருக்கிறது. புதுமைப்பித்தன், அழ. வள்ளியப்பா, பெ.நா. அப்புசாமி பெயர்களில் விருது கொடுக்கிறார்கள். அறிவியலைத் தமிழில் எழுதிய அப்புசாமியை ஒரு தொழில்நுட்ப வளாகம் நினைவில் வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ரா கல்லூரி இல்லை என்றாலும், தென்னாட்டு வீடுகளையும் கைவினைகளையும் பற்றி அங்கே கற்றுக்கொள்வது அதிகம். சுற்றுலாத் துறை நடத்தும் மாமல்லபுரம் நாட்டிய விழா டிசம்பர், ஜனவரியில் வரும். வெளிநாட்டாருக்காக நடப்பது என்று நினைத்து உள்ளூர்க்காரர்கள் ஒதுங்கக் கூடாது.

ஆனால் என் மனத்துக்கு நெருக்கமானது மாமல்லபுரத்திலேயே இருக்கும் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி. 1957-இல் பயிற்சி மையமாகத் தொடங்கியது. கல், சுதை, மரம், உலோகம், ஓவியம், கோயில் கட்டடக்கலை எல்லாம் கற்றுத் தருகிறார்கள். கன்னியாகுமரியின் 133 அடி வள்ளுவர் சிலையைச் செய்த வை. கணபதி ஸ்தபதி அதன் முதல்வராக இருந்தவர். இன்று அது இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கிறது. அங்கே நடக்கிற கண்காட்சியில் கையால் செய்தவரே பக்கத்தில் நின்று விளக்குவார். கல்லைத் தட்டிப் பார்த்து ஓசையில் குறை கண்டுபிடிப்பதை ஒரு மாணவர் செய்து காட்டினார் என்றால், அதுவும் ஒரு பல்கலைக்கழகச் சொற்பொழிவுதான்.

இனிக் கல்லூரிகளிடம் சொல்ல வேண்டியது. மேடையில் சிற்பியும் ஏற வேண்டும். மாமல்லபுரத்தில் முடிக்காமல் விட்ட குகைகளில் பாறையைச் சதுரம் சதுரமாகக் கோடு வெட்டி, இடையில் நிற்பதை உடைத்தெடுத்த தடம் அப்படியே இருக்கிறது. எந்தப் பக்கம் உளி சாய்ந்திருந்தது, எவ்வளவு ஆழம் போன பிறகு கை மாறியது என்று படித்துச் சொல்லக்கூடியவர் பட்டறையில் உட்கார்ந்திருக்கிறார். அவரையும் மதிப்பூதியம் கொடுத்து அழையுங்கள். நாலு மணிக்குப் பதில் ஆறு மணிக்கு வையுங்கள், வேலைக்குப் போகிறவர் வர முடியும். அழைப்பிதழை இணையத்தில் போட்டதோடு விடாமல் செங்கல்பட்டுப் பேருந்து நிலையத்திலும் நூலகத்திலும் ஒட்டுங்கள். பேச்சு தமிழில் இருக்கட்டும். ஆங்கிலத்தில்தான் பேச முடியும் என்றால் முடிவில் பத்து நிமிடம் தமிழில் சாரம் சொல்ல ஒருவரை அமர்த்துங்கள். கேள்விக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள், வாழ்த்துரையில் வெட்டினால் அந்த நேரம் கிடைத்துவிடும்.

கேட்கப் போகிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பேச்சு முடிந்து எல்லோரும் தேநீர்ப் பக்கம் நகரும்போது துறைத் தலைவரிடம் போய், இது அச்சில் வருமா என்று கேளுங்கள். மூன்று பேராசிரியர்களின் மாமல்லபுர நடை அச்சேறாமல் போயிருந்தால், வாசலில் நிற்பது சூலம் என்று இன்று நான் உங்களுக்குச் சொல்லியிருக்க முடியாது. முந்தைய ஆண்டுகளின் சொற்பொழிவுகள் சிறு நூல்களாக இருக்கின்றனவா என்றும் விசாரியுங்கள். பல துறைகளின் அலமாரியில் கட்டுப் பிரிக்காமல் கிடக்கும், விலையும் அதிகம் இருக்காது. இரண்டு பிரதி வாங்கி, ஒன்றை ஊர்ப்புற நூலகத்தில் கொடுத்துவிடுங்கள்.